இரண்டு பியானோ, ஒரே எமிலி

இன்று பள்ளி ஆர்கெஸ்ட்ராவுடன் இரண்டு பியானோ கான்செர்ட்டோ. ஒன்றில் என் தோழி எமிலி, எதிரே இன்னொன்றில் நான். அவள் வாசிப்பதை நான் திருப்பி வாசிக்க வேண்டும்.

கடைசிப் பகுதியில் என் முறை வந்தபோது பயத்தில் கை எழவே இல்லை.

எமிலி என்னைப் பார்த்தாள். நிறுத்தாமல் என் பங்கையும் அவளே வாசித்துவிட்டாள். பிறகுதான் நான் சேர்ந்துகொண்டேன். அரங்கில் ஒருவருக்கும் தெரியவில்லை.

காரில் அப்பா, "கடைசில வந்த அந்த ஃபாஸ்ட் பார்ட் சூப்பர்மா. கேம்கார்டரை உன் கை மேலயே ஜூம் பண்ணி ஸ்டாண்ட்ல வச்சுட்டு, நான் கண்ண மூடிக் கேட்டேன். சண்டே பாட்லக் விருந்துல அங்கிள், ஆன்ட்டி எல்லாருக்கும் போட்டுக் காட்டலாம்" என்றார்.

வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு இந்த வலைப்பதிவை எழுதுகிறேன். எமிலியை நினைத்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

டேப் தானாகவே அழிந்துபோக வழி தெரிந்தவர்கள் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். சனிக்கிழமைக்குள்.