டொக்டர் பெனரும் தங்கூசு நூலும்

1. போனில் சொன்ன "ஓம்"

சாதாரண தரப் பெறுபேறு வந்த மறுநாள், ஒலுவிலில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சந்தியில் கட்டியிருந்த பெனரைக் கண்டேன். என் மாணவி நுஹாவின் பெயர், ஒன்பது ஏ, அதன் கீழே "எமது மண்ணின் எதிர்கால வைத்தியர்" என்று பெரிய எழுத்து. பிள்ளையின் படம் வேண்டாமென்று வீட்டார் சொல்லிவிட்டதால், அந்த இடத்தில் ஒரு ஸ்டெதஸ்கோப்.

அந்த வரிக்குக் காரணம் நான். முதல் நாள் பின்னேரம் விளையாட்டுக் கழகத்துத் தம்பி ஒருவர் போன் எடுத்தார். என் ஒன்பது மாத மகன் மடியில் கிடந்து அழுதுகொண்டிருந்தான்.

"டீச்சர், நுஹா பயோதானே செய்வா? பெனர் அடிக்கணும்."

"ஓம், வேற என்ன" என்றேன். நுஹாவிடம் கேட்கவில்லை.

கல்முனையிலிருந்து வந்து படிப்பிக்கும் எனக்கு இந்தப் பாடசாலையில் தொழில் வழிகாட்டலும் பொறுப்பு. உயர்தர விண்ணப்பத்தில் பிரிவை நிரப்பி, பெற்றோரிடம் கையொப்பம் வாங்கி அனுப்ப வேண்டும். புள்ளி அட்டவணையைப் பார்த்தே நிரப்பி வந்தேன். ஏ நிறைய இருந்தால் உயிரியல். நானும் அப்படித்தான் உயிரியலுக்குப் போனேன். மூன்று தடவை எழுதியும் மருத்துவ பீடம் கிடைக்காமல், பிறகு ஆசிரியையானேன். அதை எந்தப் பிள்ளையிடமும் சொன்னதில்லை.

2. சி.ஆர். கொப்பி

விண்ணப்பம் நிரப்ப வந்த நுஹா கதிரையின் நுனியில் இருந்தாள்.

"டீச்சர், நான் மெட்ஸ் செய்யப் போறன்."

"பெனர் கட்டியாச்சே புள்ள."

"பெனர் நான் கட்டல்லயே டீச்சர்."

எனக்கு முகம் சுட்டது. இணைந்த கணிதத்துக்கு இங்கே வகுப்பு இல்லை, கல்முனைக்குப் போக வேண்டும், பெண் பிள்ளைக்கு இரண்டு பஸ், பல்கலைக்கழகம் போக வேண்டிய இசற் புள்ளி என்று அடுக்கினேன். உண்மையில் பெனரைப் பற்றித்தான் பயந்தேன். அவள் பையிலிருந்து கடின அட்டை போட்ட சி.ஆர். கொப்பி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள்.

அவர்கள் வீடு கடலுக்குப் பக்கம். மூன்று வருடமாகக் கிணற்றுக் கட்டிலிருந்து அலை நனைக்கும் கோடு வரை அளந்து எழுதியிருந்தாள். அளந்தது வாப்பா தூண்டில் போடும் தங்கூசு நைலோன் நூலால், அடிக்கு ஒரு முடிச்சு. முதல் பக்கங்களில் தினமும் அளவு, எண்கள் ஏறியும் இறங்கியும் இருந்தன. பிறகு ஒரு குறிப்பு: "பிறையோடு தண்ணீர் மாறுகிறது. இனி தலைப்பிறைக்கு அடுத்த நாள் மட்டும்." அதன் பின் ஒரு மாதமும் தவறவில்லை. மாரியில் கடல் எவ்வளவு எடுத்தது, கோடையில் எவ்வளவு திருப்பித் தந்தது என்று தனித்தனி நிறத்தில் வரைபு. முதல் அளவு நூற்றுப் பன்னிரண்டு அடி. கடைசி அளவு எழுபத்தொன்பது.

கடைசிப் பக்கத்தில் ஒரு வகுத்தல். விடை, ஏழு வருடம்.

"இது என்ன ஏழு?"

"கிணத்துக்குக் கடல் வாற காலம். உம்மாக்குச் சொல்லல்ல, பயந்திருவா. கடலத் தடுக்கக் கல்லுப் போட்டாலும் எங்க போடணும் எண்டு ஆராச்சும் கணக்குப் பாக்கணுமே டீச்சர். அதப் படிக்கத்தான்."

என் கை கொப்பியின் மேலேயே இருந்தது. விஞ்ஞான ஆசிரியை நான். மாறியை நிலையாக வைத்து அளப்பது எப்படி என்று கரும்பலகையில் எத்தனையோ தரம் எழுதியிருக்கிறேன். யாரும் சொல்லாமல் ஒரு பிள்ளை அதைக் கடற்கரையில் தனியாக நின்று கண்டுபிடித்திருக்கிறாள். அவளுக்கு முன்னால் நான்தான் மாணவி போல் இருந்தேன்.

3. வாப்பாவின் கையொப்பம்

கையொப்பம் போட வேண்டியவர் அவளுடைய வாப்பா, மீன் வியாபாரி கலீல்; அண்ணன் முறையில் எல்லாருக்கும் கலீல் காக்கா. பெனர் கட்டிய நாளிலிருந்து சந்தியில் அவருக்குப் புதுப் பெயர். "டொக்டர்ட வாப்பா, சூரை என்ன வில? எங்களுக்கு மருந்து ஃப்ரீதானே?" அவரும் சிரித்துக்கொண்டு ஒரு மீன் கூடப் போடுவாராம். அந்த முகத்தை நினைத்துத்தான் எனக்குப் பயம்.

வந்தவரிடம் முதலில் என் பிழையைச் சொன்னேன். "காக்கா, பெனருக்கு ஓம் சொன்னது நான். மகள்ட்டக் கேக்காமச் சொல்லிட்டன்."

"இப்ப ஊரெல்லாம் டொக்டர் எண்டுதானே கதைக்கிற. நான் எந்த முகத்தோட சந்திக்குப் போற?" என்றார்.

நுஹா கொப்பியை விரித்து, முடிச்சுப் போட்ட தங்கூசு நூலையும் பையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அவர் வரைபை நெடுநேரம் பார்த்தார்.

"இதுல நம்மட ஊடு எங்க இரிக்கி?"

அவள் தாளின் அடிக்கோட்டில் விரலை வைத்தாள். கடலின் கோடு அதை நோக்கிச் சாய்ந்து வந்துகொண்டிருந்தது.

"என்ட தங்கூசு குறையிறது எலி வேல எண்டுல்லோ நான் நெனச்ச" என்றார். பிறகு பேனையைக் கேட்டார்.

இரண்டு பஸ் ஏறி அவள் கல்முனைக்குப் போய் வருகிறாள். கணிதம் கடினமாக இருக்கிறது என்கிறாள். நான் செய்தது சரியா என்று பஸ்ஸில் யோசிக்காத நாளில்லை. ஆனால் இப்போது எந்தப் பிள்ளையின் புள்ளி அட்டவணையையும் எடுக்கும் முன் ஒன்று கேட்கிறேன்: "ஆரும் சொல்லாம நீ செஞ்சி வாற வேல என்ன?" பலர் சிரிப்பார்கள். சிலர் அடுத்த நாள் எதையாவது கொண்டு வருவார்கள். இளைய ஆசிரியர்களுக்கு என்னிடம் சொல்ல இருப்பது இந்தக் கேள்வி மட்டும்தான்.

பெனர் மாரிக் காற்றில் கிழிந்து போயிற்று. பெயர் மட்டும் போகவில்லை. போன கிழமை சந்தியில் ஒருவர் "டொக்டர்ட வாப்பா" என்று கூப்பிட, கலீல் காக்கா தராசிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்:

"டொக்டர் இல்ல மனே. கடல அளக்கிறவள்ட வாப்பா."