காலியாக இருந்த நான்காவது நாற்காலி

வீட்டில் யாருமே சொல்லாத விஷயம் என் நான்கு வயது மகளுக்கு எப்படித் தெரிந்தது?

எங்கள் திருமண நாளன்று பெரம்பலூரில் புதிதாகத் திறந்த இத்தாலிய ஹோட்டலுக்குப் போனோம். முன்பு அவள் பிறந்த நர்சிங் ஹோம் இருந்த அதே கட்டடம். பாஸ்தா ஆறிப்போய், உப்பில்லாமல் வந்தது.

“இதுக்கு உன் சேமியா உப்புமாவே தேவலாம்” என்று கணவர் சிரித்தார்.

மகள் மட்டும் தன் தட்டில் இருந்ததில் பாதியை எடுத்து, காலி நாற்காலிக்கு எதிரே வைத்தாள்.

“யாருக்கும்மா அது?” என்றேன்.

“என்கூடப் பொறந்த பாப்பாவுக்கு. அது இங்கயேதான இருக்கு.”

கணவரின் சிரிப்பு நின்றுவிட்டது. மகள் இரட்டைக் குழந்தைகளில் ஒருத்தி; இன்னொன்று பிறந்த ஒரு மணி நேரத்தில் இறந்துவிட்டது. பெயர்கூட வைக்கவில்லை.

“பாப்பாவையும் கூட்டிட்டுப் போலாம்மா” என்று வாசலில் அழுதவளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பெற்றவள் நான், அந்த நாற்காலியை ஒருமுறை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது அவளிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள், சொல்லுங்களேன்.