பதினெட்டுக்கு டிக் போடாத ஜெபமணி மிஸ்

ஜெபமணி மிஸ் இறந்துவிட்டார். காலையில் பரளச்சியிலிருந்து அவர் தம்பி போன் செய்தார். ஹார்ட் அட்டாக்.

அழலாம் என்றுதான் பஸ் ஏறினேன். அருப்புக்கோட்டையில் இறங்கியதும் எங்கள் ஸ்கூல் வைத்திருந்த ஃப்ளெக்ஸ் கண்ணில் பட்டது. அவர் போட்டோ, கீழே 'எங்கள் பள்ளியின் கணிதத் தூண்'... பற்றிக்கொண்டு வந்தது.

தூணாம். பிடுங்கி எறிந்தது யார்?

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் ஒன்பதாம் வகுப்புக்கு மேத்ஸ், நான் கெமிஸ்ட்ரி. மல்லாங்கிணறு பஸ்ஸில் ஒன்றாகப் போய் வந்தவர்கள்.

டிக்கெட் வாங்கியதும் அதன் நம்பரைப் பார்ப்பார். ஒருநாள் கடைசி மூன்று எண் 512. "கனமூலம் எடுத்தா எட்டு. இன்னைக்கு நல்ல டிக்கெட்டு" என்று பர்ஸில் பத்திரப்படுத்திக்கொண்டார். கண்டக்டரே சிரித்துவிட்டார்.

கால்குலேட்டரைத் தொட மாட்டார். 27 பவர் 2/3 என்றால், "கீழ இருக்க மூணைப் பாரு. மொதல்ல கனமூலம் எடு, நம்பர் சின்னதாயிரும். பெறகு மேல இருக்க ரெண்டுக்கு வர்க்கம் போடு" என்பார். மூன்று, அப்புறம் ஒன்பது. அவ்வளவுதான்.

ஸ்கூல் அச்சடித்த கொஸ்டின் பேங்க்கில் இதே கணக்குக்கு விடை பதினெட்டு. தயாரித்தது கரெஸ்பாண்டன்ட்டின் மருமகன். 27-ஐ 2/3-ஆல் பெருக்கிவிட்டார் மனிதர்!

பிள்ளைகள் அதையே மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதினார்கள். மிஸ் அத்தனை பேப்பரிலும் அடித்துவிட்டார். பெற்றோர் சண்டைக்கு வந்தார்கள்.

"நம்ம புக்குல பதினெட்டுன்னுதான போட்டுருக்கு? டிக் போட்டு விடுங்க மிஸ். அடுத்த வருசம் மாத்திக்கிருவோம்" என்றார் கரெஸ்பாண்டன்ட். ஸ்டாஃப் ரூமில் எல்லார் முன்னாலும்.

"அப்ப இந்த வருசப் பிள்ளைக என்ன சார் பாவம் பண்ணுச்சு?"

அவ்வளவுதான் கேட்டார். குரல்கூட உயரவில்லை. ஜூன் மாதம் ஸ்கூல் திறந்தபோது அவர் சேரில் வேறொருவர்.

மிஸ் காரியாபட்டியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட உட்கார்ந்தார். எம்எஸ்சி மேத்ஸ்... ஜவுளிக்கடையில்.

தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனபோது பார்த்தேன். ஆத்திரத்தில் கரெஸ்பாண்டன்ட்டை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. "அத விடுங்க. அந்த புக்க மாத்திட்டாகளா?" என்று மட்டும் கேட்டார்.

மாற்றவில்லை மிஸ். இந்த வருடப் புத்தகமும் என் மேஜையில்தான் கிடக்கிறது. இன்னும் பதினெட்டு. ஃப்ளெக்ஸ் அடிக்க அரை நாள் போதும், ஒரு நம்பரைத் திருத்த இத்தனை வருடமா?

நான் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். இந்தப் பதிவை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்ப ஆள் இருக்கிறது. அனுப்பட்டும்.

நாளை முதல் பீரியட் ஒன்பதாம் வகுப்பில் எனக்கு. கெமிஸ்ட்ரி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

27. கனமூலம் மூன்று. மூன்றின் வர்க்கம் ஒன்பது.

போர்டில் எழுதிவிடுகிறேன். போயிட்டு வாங்க மிஸ்.