அக்காவின் துரைசாணி மரம்

இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறையும் எங்கள் அக்கா அவர்களைப் பற்றி நல்லபடியாக நாலு வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். நினைக்க நினைக்க அருவருப்பாக இருக்கிறது. அது அக்காவின்மேல் அல்ல. யார்மேல் என்று படிப்பவர்களுக்கே தெரியும்.

அக்கா பிறந்தது விழுப்புரம், வாழ்க்கைப்பட்டது திண்டிவனம். அங்கே பங்களா துரைசாணி அம்மாளுக்குத் துணி தைத்துக் கொடுத்து வந்தார்கள். அந்த அம்மாள் சீமைக்குத் திரும்பும்போது லிண்டன் என்ற மரத்தின் கன்றுகள் இரண்டைக் கொடுத்தார். குளிர் இல்லாத ஊரில் இது பூக்காது, நிழல் மட்டும் தரும் என்றும் சொல்லிச் சென்றார். ஒன்று முதல் கோடையிலேயே கருகிப் போயிற்று. மற்றதைக் கிணற்றடியில் நட்டு, மேற்கு வெயிலுக்குக் கீற்றுத் தட்டி மறைத்து, வேரடியில் வைக்கோல் பரப்பி அக்கா வளர்த்தார்கள். பூவரசு இலை போலத்தான் இருக்கும்; ஓரம் மட்டும் பல் பல்லாக.

அக்காவுக்குக் குழந்தை இல்லை. மரமும் பூக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பேச மாமியாருக்கு வாய் கூசவில்லை. பூக்காத மரத்துக்கு ரோஷம் வரட்டும் என்று பிய்ந்த செருப்பைக் கட்டித் தொங்கவிடும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டல்லவா? நான் போயிருந்த ஒருநாள், சாணி காயாத செருப்பு ஜோடி ஒன்றை மாமியார் அந்த மரத்தில் கட்டினார்.

"இந்த வெயில்ல அது பூக்காது அத்தை. தொரசாணியம்மா அப்பவே சொல்லிட்டாங்க" என்றார்கள் அக்கா.

"பூக்காதுன்னு தெரிஞ்சுமா தண்ணி ஊத்திக்கினு கீற?"

"இலை நல்லாத்தானே இருக்குது? செருப்பு எனக்குன்னா என்னாண்டயே குடுத்துடுங்க. மரத்த விட்டுடுங்க."

மாமியார் அதை அவிழ்க்க விடவில்லை. அத்தான் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அவர் வாயைத் திறந்தது எச்சில் துப்ப மட்டும்தான், அதுவும் அந்த மரத்தடியில்.

அடுத்த தை மாதம் அவர் இளையாளாக வேறொருத்தியைக் கட்டிக்கொண்டார். நான் மாட்டுவண்டி எடுத்துக்கொண்டு போய், "வாக்கா, போயிடலாம்" என்றேன்.

"மரத்த வுட்டுட்டு வரமாட்டேன்டா."

சுற்றிலும் தோண்டி, வேர்மண் உதிராமல் ஈரச் சாக்கில் கட்டி வண்டியில் ஏற்றினோம். கிளையில் தொங்கிய செருப்பும் கூடவே வந்துவிட்டது. அக்கா அதை விழுப்புரத்தில்தான் அவிழ்த்தார்கள். கையைக் கழுவிவிட்டு மரத்துக்குத் தண்ணீர் ஊற்றினார்கள்.

மரம் பிழைத்துக்கொண்டது. யுத்த காலத்தில் அதன் நிழலில் தையல் மெஷினைப் போட்டு எங்கள் எல்லாருக்கும் சோறு போட்டவர்கள் அக்கா. காமாலையில் படுத்தபோதும், "மரத்துக்கு ஊத்தினியாடா?" என்றுதான் கேட்டார்கள்.

சாவுக்கு வந்த அத்தான் வீட்டார் பந்தலில் புழுக்கமாக இருக்கிறதென்று அந்த நிழலில் போய் உட்கார்ந்து காபி குடித்தார்கள். மாமியார் அண்ணாந்து பார்த்து, "இன்னுமா பூக்கல?" என்றார். சீ, என்ன ஜன்மம்! பிணம் கிடந்த வீடாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கீழாநெல்லி அரைத்துக் கொடுத்த எதிர்வீட்டு அம்மாளுக்கும், பாடை கட்டித் தோள் கொடுத்த தெருவாருக்கும் எங்கள் குடும்பம் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறது. திண்டிவனத்துச் சம்பந்தி வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. திவசத்தன்று அவசியம் வாருங்கள். மர நிழலில்தான் இலை போடுவோம், வயிறாரச் சாப்பிடுங்கள். உங்கள் செருப்பைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். போகும்போது மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.