அடித்த கை எங்கே நிற்பது

தலையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டுதான் தினமும் வேலை பார்க்கிறேன். என்னிடம் மோட்டார் கிடையாது. மலாய் நாட்டு மலையூரான பிரிஞ்சாங்குக்கு மேலே ஒரு விடுதிக்குச் சொந்தமான கோல்ஃப் பயிற்சித் திடலில் பந்து பொறுக்குவது என் வேலை. விருந்தாளிகள் மேட்டில் வரிசையாக நின்று அடிப்பார்கள். நான் கீழே ஈரப்புல்லில் கூடையோடு நடப்பேன். பொறுக்கி முடிக்கும்வரை அடிப்பதை நிறுத்தக்கூடாதா என்று ஊரில் இருக்கும் நீங்கள் கேட்பீர்கள். முதல் நாள் நானும் கேட்டேன், சிரித்தார்கள். சிலர் என்னையே குறிவைப்பார்கள். பட்டால் மேட்டிலிருந்து கைதட்டல் கேட்கும். நல்லவேளையாக, பாதிப் பேருக்குப் பந்து நினைத்த பக்கம் போவதில்லை. அவர்கள் கை திருந்தாத வரைக்கும் என் முதுகு தப்பித்தது.

கூடலூர்ப் பக்கத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து பன்னிரண்டு வருடமாகிறது. முதலில் ரிங்லெட் அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தேன். அங்கேயே தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்த லெட்சுமியைக் கட்டிக்கொண்டேன். முழங்கால் போனதும் சரிவில் ஏற முடியாமல் இந்தத் திடலுக்கு வந்தேன். போன வருடம் கோச்சுக்கு உதவியாள் எடுக்கப்போவதாகப் பேச்சு வந்தது. ஏழாம் நம்பர் மட்டையால் பத்துப் பந்து அடிக்க வேண்டும். அதில் குறைந்தது ஏழு இரண்டு கொடிகளுக்கு நடுவே விழ வேண்டும். யார் வேண்டுமானாலும் பரீட்சைக்கு நிற்கலாம் என்றார்கள். மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு வெறி பிடித்துவிட்டது. சம்பளத்துக்காக அல்ல. அந்த மேட்டில், அடிக்கிறவர்கள் பக்கத்தில், ஹெல்மெட் இல்லாமல் நிற்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

சாயங்காலம் திடலை மூடியதும், வெளிச்சம் போகும் முன் அரைமணி நேரம் தேய்ந்த பந்துகளை அடித்துக்கொள்ள கோச் லிம் அனுமதித்தார். சீனர், நல்ல மனிதர். எனக்கு அரைகுறை மலாய், அவருக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. பிடியைத் திருத்தினார், கால்களை அகட்டி வைத்தார், பந்தை நடுவில் வைக்கச் சொன்னார். எல்லாம் செய்தும் ஒரு பந்து வலப்பக்க வேலிக்குப் போகும், அடுத்தது இடப்பக்கச் சாக்கடைக்குப் போகும். மட்டை பந்தைத் தொட்டதும் என் கை சட்டென்று நின்றுவிடும். "ஜாங்கான் தாக்குட் லா" என்பார் லிம், பயப்படாதே என்று. பயமில்லை என்பேன். அவர் தோளைத் தட்டிச் சிரிப்பார். தோட்டத்து ஆள், பெரிய இடத்தில் கூச்சப்படுகிறான் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். அந்தச் சிரிப்பு எனக்குப் பந்தடியைவிட வலித்தது. ஆனால் நான் பயப்படவில்லை என்று சொல்லும் அளவுக்கு மலாய் இருந்ததே தவிர, பிறகு ஏன் கை நிற்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

கண்டுபிடித்தவள் லெட்சுமி. நான் அடிப்பதைப் போனில் எடுத்த வீடியோவை அடுப்படியில் நின்றபடி இரண்டு தடவை பார்த்துவிட்டு, "என்னங்க, நீங்க எங்க பந்து அடிக்கிறீங்க? கவ்வாத்துல்ல வெட்டுறீங்க!" என்றாள்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கூடலூரில் பத்தொன்பது வயதிலிருந்து தேயிலை கவ்வாத்து வெட்டியவன் நான். முழங்கால் உயரத்தில் செடியைக் கழிக்கும்போது, கிளையை அறுத்த கத்தி அடுத்த கணம் வெட்டுகிறவனின் காலை நோக்கித்தான் வரும். அறுத்த இடத்திலேயே மணிக்கட்டை இறுக்கிக் கத்தியை நிறுத்த வேண்டும். நிறுத்தத் தெரியாத ஒருவரை என் கண்ணெதிரே போர்வையில் கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அன்றிலிருந்து என் கை தானாக நிற்கும், நான் யோசிக்கவே வேண்டாம். லிம்முக்கு இதை எந்த மொழியில் சொல்வது?

"காலுக்கு ஒண்ணும் ஆவாது லா. விட்டுடுங்க, அது பாட்டுக்குப் போகட்டும்," என்றாள் லெட்சுமி.

சொல்வது சுலபம். பந்தே வைக்காமல் புல்லை மட்டும் உரசி வீசினேன். எடையை இடது காலுக்கு மாற்றி, இடுப்பைக் கொடிப் பக்கம் திருப்பி, மட்டை தோளுக்குப் பின்னால் போய் ஓயும்வரை கையை நிறுத்தாமல் விட்டேன். பெருக்கும்போது துடைப்பத்தாலும், மழை நாட்களில் வீட்டுக் கூடத்தில் குடையாலும் வீசிப் பார்த்தேன். மூன்று மாதத்தில் கை நடுவில் நிற்பதை விட்டது. பிறகு பந்துகள் ஒரே பக்கம் போக ஆரம்பித்தன. லிம் சிரிப்பதை நிறுத்தினார்.

பரீட்சையில் எட்டுப் பந்து உள்ளே விழுந்தது. லிம் ஓடிவந்து கையைக் குலுக்கினார். எனக்குப் பிறகு கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த ஒரு வாலிபன் அடித்தான். அவன் பந்துகளைப் பொறுக்கியதும் நான்தான். கொடிக்கு வெளியே நாலு கிடந்தன. வேலை அவனுக்குத்தான் போனது.

மேனேஜர் தமிழர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு மரியாதையாகத்தான் பேசினார். "அண்ணே, நல்லா அடிக்கிறீங்க, இல்லேங்கல. ஆனா நீங்க ஊர்க்காரரு லா. நீங்க பேசுறத கெஸ்ட்டு கேட்டா சிரிப்பாங்க. ஒண்ணு செய்வோம். சனி, ஞாயிறுல கிளாஸ் நடக்கும்போது நீங்க அடிச்சுக் காட்டுங்க. பேசுறத அவன் பாத்துக்குவான்."

இந்தியாவிலிருந்து வந்தவனுக்கு இங்கே ஊர்க்காரன் என்று பெயர். மேனேஜரின் தாத்தாவும் கப்பலேறி வந்த ஊர்க்காரர்தான். கொஞ்சம் முந்திவிட்டார், அவ்வளவுதான். இதை அவர் முகத்துக்கு நேரே கேட்டிருக்க வேண்டும். "சரிங்க" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றும் என்மேல் எனக்கு ஆத்திரம். சனி, ஞாயிறில் மேட்டில் நிற்கிறேன், ஹெல்மெட் இல்லாமல்தான். அந்தப் பையன் மட்டையால் என் இடுப்பைத் தொட்டுக் காட்டி விளக்குவான். நான் வாய் திறக்காமல் வீசுவேன். எல்லோரும் பந்தைப் பார்ப்பார்கள்.

போன மாதம் அண்ணன் மகள் கல்யாணத்துக்குக் கூடலூர் போனேன். போதும், திரும்பி வந்துவிடலாமா என்று அண்ணனிடம் கேட்கும் யோசனையோடுதான் போனேன். கல்யாணம் முடிந்த நாலாம் நாள் அவருடைய அரை ஏக்கரில் கவ்வாத்து நடந்தது. நானும் ஒரு கத்தியை வாங்கி இறங்கினேன். உடம்பெல்லாம் சந்தோஷம். மூன்றாவது செடியில் கை நிற்கவில்லை. கிளையை அறுத்த கத்தி அதே வேகத்தில் உள்ளே வந்து பேண்ட்டைக் கிழித்துக்கொண்டு போனது. நூலிழையில் தோல் தப்பியது.

"டேய், என்னடா இப்படி வீசுற?" அண்ணன் பதறினார். நான் பதில் சொல்வதற்குள் கத்தியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "உனக்கு எதுக்குடா இதெல்லாம்? நீ உக்காரு." வீட்டுப் பக்கம் திரும்பி, "தம்பிக்கு ஒரு சேர் கொண்டாங்க," என்று குரல் கொடுத்தார்.

பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. சரிவில் அது ஆடியதால் அண்ணனே ஒரு கல்லை எடுத்து அடியில் வைத்தார். உட்கார்ந்தேன். கேட்க வந்ததை எப்படிக் கேட்பது? புதிதாக வேலைக்கு வந்திருந்த ஒரு அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யாருங்க, விருந்தாளியா?" என்று அண்ணனிடம் கேட்டாள்.

அண்ணன் செடியிலிருந்து நிமிராமலே, "ஆமா," என்றார்.