மூன்று விரல்

"பரியாரி கேட்டாச் சுகமெண்டு சொல்லு, வருத்தத்தப் பாயிட்டச் சொல்லு" என்பார்கள் எங்கள் பக்கத்தில். நாட்டு வைத்தியரான பரியாரி எண்ணெய் பூசித் தடவிவிட்டு, "இப்ப எப்பிடி?" என்று கேட்டால், எலும்பு முறிந்து கிடந்தாலும் "குறைவுதான் ஐயா" என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவருடைய கைராசி போய்விடும். அடுத்த நோயாளிக்கு அந்தக் கை பலிக்காது. உண்மையை வீட்டுக்கு வந்து பாயில் சரிந்த பிறகு முனகிக்கொள்ளலாம். எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. குவைத்தில் கூடச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். என் அத்தானின் கண்ணைத் தின்றதும் இதே சொல்தான். ஊட்டிவிட்டவள் நான்.

அத்தான் என் அக்காவின் கணவர். மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கம், படுவான்கரையில் வாவியோரமாக வீடு. வீச்சுவலைக்காரர். இடது கண் இளவயதிலேயே கெளிற்று மீனின் முள் குத்திப் போய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணிலும் மெல்ல மெல்ல வெள்ளை படர்ந்தது. "பால் ஊத்தின தேத்தண்ணிக்குள்ளால உலகத்தப் பாக்கிற மாதிரிக் கிடக்கு மனே" என்பார் என்னிடம்; ஆணோ பெண்ணோ, எங்கள் பக்கத்தில் இளையவர்கள் எல்லோரும் மனேதான். மீன் துள்ளும் சத்தத்தைப் பிடித்து வலை வீசுவார். பாதி நாள் அகப்படும், பாதி நாள் வலை கண்டல் வேரில் சிக்கும்.

அந்த ஆவணியில் வெளிநாட்டுக் கிறிஸ்தவ சபை ஒன்றிலிருந்து பதினாலு பேர் பத்து நாள் ஊழியத்துக்கு வந்தார்கள். எல்லோரும் ஒரே நீலச் சட்டை. எங்கள் ஊர்ச் சபையின் போதகருக்கு ஆங்கிலம் வாசிக்க வரும், பேச வராது. அதனால் என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஒன்பது வருடம் குவைத்தில் ஒரு குசினியில் நின்றவள். அங்கே பிள்ளைகள் தொலைக்காட்சியோடு பேசுவதைப் பானை கழுவிக்கொண்டே பொறுக்கிய ஆங்கிலம்தான் என்னுடையது. நான் திருநீறு பூசிக் கோயிலுக்குப் போகிறவள் என்பது போதகருக்குத் தெரியும். "நாக்குத்தானே வேணும், நெற்றியப் பத்தி ஆர் கேட்ட?" என்றார்.

வந்தவர்கள் நல்ல பிள்ளைகள். அதில் நான் பொய் சொல்ல மாட்டேன். சாப்பிட்ட கோப்பையைத் தாங்களே கழுவினார்கள். முன்பள்ளிச் சுவரில் ஒட்டகச்சிவிங்கி கீறினார்கள். எங்கள் சிறுசுகள் அதை நீளக் கழுத்து மாடு என்றன. அவர்களோடு ஒரு கண் டொக்டரும் வந்திருந்தார். அவர் மட்டக்களப்பு டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் தங்கியிருந்தார். பன்னிரண்டு பேருக்குக் கண்ணுக்குள் பொருத்தும் வில்லைகள் கொண்டுவந்திருந்தார். வியாழக்கிழமை வேனில் ஏற்றிப் போய் ஒப்பரேசன் செய்வதாக ஏற்பாடு. பட்டியலை எழுதியதும் நான்தான். பன்னிரண்டாவது பெயர் அத்தானுடையது.

அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அவரை அனுப்ப அக்கா இரண்டு வருடமாக மன்றாடியிருக்கிறாள். கத்தி என்றால் அவருக்குப் பயம். இவர்களுக்கு மட்டும் எப்படியோ ஓம் பட்டார். "தூரத்தில இருந்து கண்ணக் கொண்டு வந்திருக்குதுகள், வேணாமெண்டா வாசலுக்கு வந்த முகத்த அடிச்ச மாதிரி" என்றார். பாருங்கள், அவர் ஒப்புக்கொண்டதே உபசாரத்துக்குத்தான்.

திங்கட்கிழமை சபை வளவில் கொட்டகை போட்டு ஜெபக்கூட்டம். பட்டியலில் உள்ளவர்களை முன்வரிசையில் இருத்தினார்கள். அந்தக் குழுவில் செம்பட்டைத் தாடி வைத்த இளைஞன் ஒருவன் இருந்தான். அவன் அத்தானுக்கு முன்னால் முழங்காலில் நின்றான். இரண்டு கையாலும் அவருடைய கண்ணைப் பொத்தி, வியர்வை சொட்டச் சொட்ட ஜெபித்தான். அழுதான். அத்தான் அசையவில்லை. அவன் கையை எடுத்துவிட்டு, எழும்பி இரண்டு அடி பின்னால் போய், விரல்களைத் தூக்கிப் பிடித்தான். எத்தனை என்று கேட்கச் சொன்னான்.

நான் ஒலிவாங்கியைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு குனிந்தேன்.

"அத்தான், எத்தினை விரலெண்டு கேக்கிறார்."

"எனக்கெங்க தெரியுது புள்ள. ஆள் நிக்கிறதே கறுப்பாத்தான் கிடக்கு."

"அப்ப என்ன சொல்ற?"

"பெடியன் தண்ணியா அழுதிருக்கான். முகத்த வாட விடப்படாது. நீயே பாத்து ஒண்டச் சொல்லிவிடு."

பரியாரியின் கைராசி. எனக்கு அந்தப் பழக்கம் அவரைவிட நன்றாகத் தெரியும். வியாழக்கிழமை எப்படியும் ஒப்பரேசன், அதற்குள் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன். ஒலிவாங்கியைத் தூக்கி, ஆங்கிலத்தில், மூன்று என்றேன்.

கொட்டகை இடிந்தது போலச் சத்தம். நீலச் சட்டைகள் கட்டிப்பிடித்து அழுதன. யாரோ தொலைபேசியில் படம் பிடித்தார்கள். அத்தான் தலையைச் சரித்து, சத்தம் வந்த பக்கம் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவர்கள் பிறகு எத்தனையோ பேருக்குக் காட்டியிருப்பார்கள்.

அன்று பின்னேரமே குழுத்தலைவி என்னைத் தேடி வந்தாள். வெயிலில் மூக்குத்தோல் உரிந்த, தாய்மை முகம் கொண்ட மனுசி. பட்டியலைக் கையில் வைத்திருந்தாள். அத்தானின் பெயருக்கு மேல் கோடு இழுத்திருந்தாள். கர்த்தரே அவருக்குச் செய்துவிட்டார், இனி அந்த வில்லை இன்னொருவருக்குப் போகட்டும், எவ்வளவு அழகான காரியம் பார் என்றாள். கண் கலங்கியிருந்தது. அந்தப் பெயருக்குக் கீழே வெல்லாவெளியிலிருந்து வந்த ஒரு பொம்பிளையின் பெயர் எழுதியாயிற்று.

அந்த நிமிடம் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். போதகர் அவளுக்குப் பின்னால் நின்றார். விசயம் அவருக்கு விளங்கிவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. தமிழில், சிரித்துக்கொண்டே, மெல்லச் சொன்னார்:

"ஒலிவாங்கியில பொய் சொன்ன ஆளெண்டு உன்னத்தான் சொல்லுவாங்க. மறுகா இந்த ஊருக்கு ஒரு டொக்டரும் வராது. யோசிச்சுப் பேசு."

நான் யோசித்தேன். யோசிக்கச் சொன்னால் யோசிப்பது அடிமைவேலை செய்தவளின் பழக்கம். தலைவியைப் பார்த்து, ஆங்கிலத்தில், ஆம், அழகான காரியம் என்றேன்.

வியாழக்கிழமை வேன் அத்தானை ஏற்றாமல் போனது. அக்கா விடியவே அவருக்கு வெள்ளைச் சாறம் கட்டிவிட்டு வாசலில் இருத்தியிருந்தாள். நான் போய்ச் சொன்னேன். அக்கா என்னை அடிக்கவில்லை; அடித்திருக்கலாம். "உன்ர இங்கிலீசு அவர்ர கண்ண எடுத்துப் போட்டுதுகா" என்றாள். அவ்வளவுதான்.

"நான்தானே சொல்லச் சொன்ன" என்றார் அத்தான். "அவளப் பேசாத."

வெல்லாவெளிப் பொம்பிளைக்குக் கண் பளிச்சென்று தெரிந்தது. ஒரு கிழமை கழித்து ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நன்றி சொல்ல வந்தாள். "உங்கட இடத்திலதான் எனக்குக் கிடைச்சதாம் அண்ணன். உங்கள ஆண்டவரே பாத்திட்டாராமே" என்றாள். பிறகு அவருடைய கண்ணை உற்றுப் பார்த்தாள். இப்போது அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே. பழத்தை வைத்துவிட்டுப் போனாள்.

அக்கா ஆஸ்பத்திரிக்கு இழுத்தாள். அத்தான் அசையவில்லை. "ஊரே பாத்திருக்க, தெரியுதெண்டு சிரிச்சுக் காட்டினவன் நான். இப்ப போய்த் தெரியல்லயெண்டா, அந்தப் பெடியன் அழுத அழுகைக்கு என்ன மரியாதை?" என்றார். மரியாதை! அது அவருக்குக் கத்தியை விட்டு ஓடக் கிடைத்த ஓட்டையும்தான். இரண்டும் கலந்திருந்தது.

ஊர் விடுமா? வாவிக்கரையில் அவருக்கு மூண்டுவிரலார் என்று பெயர் வைத்தார்கள். தோணி தள்ளும்போது பக்கத்துத் தோணிக்காரன் கையை விரித்துக்கொண்டு கேட்பான்:

"மூண்டுவிரலார், என்ர கையில எத்தினை?"

"உன்ர கொப்பனுக்கிருந்த மூளை எத்தினையோ, அத்தினை. ஒண்டுமில்ல" என்பார் அத்தான். கரையே சிரிக்கும். அவரும் சிரிப்பார். சிரித்துக்கொண்டே தோணியைக் கண்டலில் கொண்டுபோய் மோதுவார்.

மாரி தொடங்க அந்தக் கண் சிவந்து வீங்கியது. அவர் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு இருப்பார். நான் போய், "இப்ப எப்பிடி அத்தான்?" என்று கேட்டால், "குறைவுதான்" என்பார். எனக்கே அந்தப் பதில்! தை மாதம் அக்காவின் மகன்மார் அவரைத் தூக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நானும் போனேன். டொக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார். வெள்ளை முற்றி வெடித்து, கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, நரம்பு செத்துவிட்டது என்றார். வலியை நிறுத்தலாம், வெளிச்சத்தை இனிக் கொண்டுவர முடியாது. "இவ்வளவு நாளும் என்ன செஞ்ச நீங்க?" என்று கேட்டார்.

அடுத்த ஆவணியில் நீலச் சட்டைகள் மறுபடி வந்தன. இம்முறை பச்சை. டொக்டர் வரவில்லை. செம்பட்டைத் தாடி வந்திருந்தான். அவன் வேனிலிருந்து இறங்கியதும் அத்தானைத்தான் கேட்டான். அத்தானின் சிரிப்பைப் பார்த்துத் தங்கள் சபையில் பலர் மனந்திரும்பினார்களாம். அவர் வலை வீசுவதைப் படம் பிடிக்க வேண்டுமாம்.

சொல்லத்தான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டு அவனைக் கூட்டிப்போனேன். கரையில் அத்தான் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். யார் வந்திருக்கிறார்கள் என்று அவருக்கு நான் சொன்னேன்.

"ஓ, அந்தப் பெடியனா? வரச் சொல்லு. தூரத்தில இருந்து வந்திருக்கான்."

அவர் முழங்காலளவு தண்ணீரில் இறங்கினார். நான் அவனை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு, என் குசினி ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். விரலைச் சொன்னது நான். அவருக்கு அன்றைக்கும் தெரியவில்லை. இப்போது ஒன்றுமே தெரியாது, இனியும் தெரியாது. ஒரு வருடமாகப் பாடமாக்கி வைத்திருந்தேன். ஒரு சொல்லும் பிசகவில்லை.

அவன் கேட்டுக்கொண்டே நின்றான். முகம் வெளிறியது. விளங்கிவிட்டது என்று நினைத்தேன். பிறகு என் தோளில் மெதுவாகக் கைவைத்து, இரக்கத்தோடு ஒரு கேள்வி கேட்டான்: அவர் எப்போது விசுவாசத்தை விட்டார்?

அன்றைக்குக் கர்த்தர் கண்ணைக் கொடுத்தது உண்மையாம். காத்துக்கொள்ள இவருக்குத்தான் தெரியவில்லையாம். சின்ன வயதுக்காரன், முகத்தில் கொஞ்சமும் கள்ளமில்லை. அவன் பின்னால் நின்றவர்களிடம் ஏதோ சொன்னான். அவர்கள் வட்டமாக நின்று, தலைகுனிந்து, அத்தானின் அவிசுவாசத்துக்காக ஜெபிக்கத் தொடங்கினார்கள்.

தண்ணீருக்குள் அத்தான் வலையை வீசினார். கை மறக்கவில்லை. வலை முழு நிலாவாக விரிந்தது. விரிந்து, பக்கத்துத் தோணிக்காரனின் நண்டுக் கூட்டுக் கம்புகளுக்கு மேல் போய் விழுந்தது. கரையில் யாரோ "மூண்டுவிரலார்!" என்று கூவினார்கள். சிரிப்பு.

"என்னவாம் புள்ள, பெடியன் முணுமுணுக்கிறான்?" என்று கேட்டார் அத்தான்.

நான் ஒரு வருடம் பாடமாக்கியது முடிந்துவிட்டது. மிச்சமிருந்தது பழைய பழக்கம்தான்.

"உங்கட வீச்சு நல்லமாம் அத்தான்."

"வீச்சு நல்லம்தான் மனே" என்றார், கயிற்றை மெல்ல இழுத்துப் பார்த்து. "வலை எங்க கிடக்கெண்டு அவன ஒருக்காக் கேட்டுச் சொல்லு."