வாப்பா முடிவு பார்க்காத படம்

போன கிழமை முந்தலில் சிலாபம் பஸ் ஏறினால், சாரதியின் தலைக்கு மேலே தொங்கும் டீவியில் அந்தச் சனியன் பிடித்த படம். என் அண்ணன், எங்கள் நானா, ஒரு காலத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்த அதே குடும்பப் படம்தான். பக்கத்தில் இருந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருடைய குடையைப் பிடுங்கி அவர் தலையிலேயே ஒன்று போடலாமா என்றிருந்தது. நீங்களும் சிரிக்காதீர்கள், எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

யுத்த காலத்தில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்தில் வந்து விழுந்த குடும்பம் எங்களுடையது. நான் பிறந்ததே இங்கே, முகாமின் தென்னங்கிடுகு வேலிக்குள். யுத்தம் முடிந்து பாதை திறந்ததும் வாப்பா ஊருக்குப் போய், ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல் நிறைய மண் அள்ளி வந்து அலுமாரிக்கு மேலே வைத்தார். வருகிறவர்களுக்கெல்லாம் மூடியைத் திறந்து முகரக் கொடுப்பார். எனக்கு அதில் எலிப்புழுக்கை வாசம்தான் அடித்தது. ஒரு நாள், எல்லாரும் ஊருக்குத் திரும்பப் போகிறோம் என்று அறிவித்தார். எனக்குப் பல்கலைக்கழகம் போக எழுதும் ஏ.எல். சோதனைக்கு ஒரு வருசம் இருந்தது.

"அங்க பள்ளிக்கூடத்துக்குக் கூரையே இல்ல வாப்பா."

"கூரை இருந்தாத்தான் படிப்பு ஏறுமோ?"

இப்படிப்பட்ட மனிதரோடு என்னத்தைக் கதைப்பது?

நானாதான் ஒரு யோசனை கண்டுபிடித்தார், வாப்பாவுக்கு ஒரு படம் போட்டுக் காட்டுவது. வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளைத் தன் கிராமத்துக்கு இழுத்துக்கொண்டு போகிற ஒரு தகப்பனின் கதை. கடைசியில் தகப்பன் மனம் இளகிப் பிள்ளைகளைப் படிக்க அனுப்பி விடுவாராம். சீடிக் கடைக்காரன் சொன்னானாம். நானா படத்தைப் பார்க்கவில்லை, முடிவை மட்டும் கேட்டுக்கொண்டு எடுத்து வந்துவிட்டார். எங்கள் வீட்டு மூளை அவர்! உம்மா நெய்ச்சோறு ஆக்கினார். படம் முடிந்து நாலு பேரும் ஒரே சகனைச் சுற்றிக் குந்தி, அந்தப் பெரிய தட்டில் கை வைத்ததும் நான் பேச்சை எடுப்பது என்று ஏற்பாடு.

முகாமில் டீவி போட்டால் அது வீட்டுக்காரருக்கு மட்டுமா? வாசல் வரைக்கும் சனம். பாதிப் படத்தில் அந்தத் தகப்பன் வயலில் இறங்கி, ஊர் மண்ணை அள்ளி முத்தமிடப் போய், வழுக்கிச் சேற்றில் விழுந்தார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அந்த ஹோர்லிக்ஸ் போத்தலக் கொண்டாங்க" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, சிரிப்பு இன்னும் கூடியது.

வாப்பா எழும்பி டீவியின் வயரைப் பிடுங்கினார். சனம் செருப்பைத் தேடிக்கொண்டு கலைந்தது.

"ஊரக் கூட்டிவெச்சு என்னைய நக்கலடிக்கிறீங்க."

"முடிவப் பாருங்க வாப்பா" என்று நானா கெஞ்சினார்.

உம்மா ஒன்றுமே நடக்காதது போல சகனைக் கொண்டுவந்து பாயில் வைத்தார். வாப்பா குந்தவில்லை.

"எனக்கு வேறயாப் போடு" என்றார்.

வீட்டுச் சகனில் கை வைக்காமல் வேறு பீங்கான் தட்டு கேட்பது எங்களுக்குள் உறவை அறுப்பது மாதிரி. உம்மா அழுதார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. என் படிப்பைப் பற்றிப் பேச நான் வைத்திருந்த பேச்சுக்கு இடமே இல்லாமல் போனது.

அடுத்த கிழமை வாப்பா ஊருக்குத் தனியாகவே போனார். குடையை விட்டார், படுக்கைக்குக் கட்டும் நுளம்பு வலையை விட்டார், சகனை மட்டும் தூக்கிக்கொண்டு போனார். நாங்கள் ஒன்றாகச் சாப்பிடக்கூடாதென்ற வன்மம் என்று எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன்.

சோதனை முடிந்ததும் உம்மா என்னை வலுக்கட்டாயமாக அங்கே கூட்டிப்போனார். தகரக் கொட்டில். வாப்பா அந்தச் சகனில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டு நிறையச் சோறு. தன் பக்கத்தில் மட்டும் தின்றிருந்தார், மற்றப் பக்கங்களில் விரல் படவில்லை.

"குந்து புள்ள."

"எனக்கு வேறயாப் போடுங்க உம்மா" என்றேன்.

போன கிழமை பஸ்ஸில்தான் முடிவைப் பார்த்தேன். தகப்பன் இளகினார், பிள்ளைகள் கட்டிப்பிடித்தார்கள், பக்கத்து ஆள் கண்ணைத் துடைத்தார். சுத்தப் பொய். வாப்பாவும் இளகவில்லை, நானும் இளகவில்லை. இங்கே முகாமில் கிடுகு வேலிகள் போய் மதில்கள் வந்துவிட்டன. சீடிக் கடை இப்போது போன் கடை. வாப்பா அந்த மன்னார் மண்ணுக்குள்ளேயே போய்விட்டார். அங்கிருந்து திரும்பி வந்த சகனில் உம்மா மிளகாய் காயப்போடுகிறார்.